பிஹோகோவா, காஜுவா?

மாடுகளுக்கு நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிறவர்கள் நாங்கள். சர்வர்களை மட்டும் விட்டுவிடுவோமா? எங்கள் ம்பராரா ரத்த வங்கியின் அசல் சர்வருக்குக் கருஞ்சிவப்புப் பசுவின் பெயர், பிஹோகோ. சோதனை சர்வருக்கு இன்னொரு நிறத்துப் பசுவின் பெயர், காஜு. கட்டளை அடிக்கும் வரிக்கு முன்னால் இந்தப் பெயர் நிற்கும். செய்த மாற்றத்தை இன்னும் சேமிக்கவில்லை என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரும். அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள் என்று ஆறு மாதமாகக் கத்தி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

பக்கத்து மேஜை ருவாப்யோமா அன்று காலை சோதனைக்காகப் போட்டு வைத்த போலிக் கொடையாளர்களை அழித்துக்கொண்டிருந்தான். பால் தேநீரை உறிஞ்சியபடி சாவகாசமாகக் கேட்டான்.

"மேடம், காஜுல இருநூறு பேர்தானே இருந்தாங்க? நாப்பத்தோராயிரம் பேரை அழிச்சாச்சுங்குதே?"

நாற்பத்தோராயிரம் பிஹோகோவின் கணக்கு. பிரசவத்தில் ரத்தம் போய்க் கிடக்கும் பெண்ணுக்கு ஆள் தேடுவது அந்தப் பட்டியலில்தான். கடைசியாகக் காப்புப் பிரதி எடுத்தது போன மாதம்.

"கையை எடு. எதையும் தொடாதே."

அவன் திரை கூசாமல் காஜு என்றது. நட்சத்திரத்தைக் காணோம். ஈ உட்கார்ந்த மாதிரி இருந்ததாம், நட்சத்திரமே வராதபடி எடுத்துவிட்டானாம். சேமித்தானா இல்லையா என்பதும் நினைவில்லையாம். இவனை என்ன செய்வது?

என் மேஜைக்கு ஓடி, பிஹோகோவில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தோராயிரம் பேரும் இருந்தார்கள். அப்படியென்றால் அவன் இன்னும் சேமிக்கவில்லை. அவனை நாற்காலியோடு தள்ளிவிட்டு, அழித்ததைக் கைவிடும் கட்டளையை அடித்தேன். மறுபடி எண்ணினேன். ஒருவரும் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது. காலையில் எதற்கோ காஜுவிலிருந்து பிஹோகோவுக்குத் தாவியவன், திரும்பி வர மறந்திருக்கிறான். பெயர் மட்டும் மாறாமல் நின்றிருக்கிறது.

"எந்த மடையனாவது பேரைக் கையால அடிச்சு வைப்பானா? சர்வர்கிட்டயே கேட்டுல்ல காட்டணும்?"

"உங்க ஃபைலைத்தான் மேடம் காப்பி பண்ணேன். பிஹோகோன்னு இருந்துச்சு, காஜுன்னு மாத்தினேன். அவ்ளோதான்."

அந்த வரியின் அமைப்பு இருக்கும் என் ஃபைலைத் திறந்தேன். பிஹோகோ. நானே அடித்து வைத்தது. சர்வரின் நிஜப் பெயர் வெறும் எண்களாகப் பார்க்கச் சகிக்கவில்லை என்று வைத்த அழகு. ஆறு மாதமாக இந்த வரியைத்தான் எல்லோரையும் நம்பச் சொல்லியிருக்கிறேன்.

ருவாப்யோமா தன் தேநீரை என் பக்கம் நகர்த்தினான். நான் பிஹோகோ என்ற பெயரை அழித்துவிட்டு, அந்தச் சகிக்காத எண்களை சர்வரே சொல்லும்படி எழுத ஆரம்பித்தேன்.