வாசலில் வைத்த பை

என் கணவர் ரிஷிகேசன் ஒஸ்லோவில் மரம் வெட்டுகிறவர். பெற்றோலும் பிசினும் மணக்கும் அவருடைய வேலை உடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் சட்டம். மரக்கதைக்கும் அதே சட்டம்தான்.

அவுஸ்திரேலியக் காடுகளில் அந்த ஊர் மரம் வெட்டுகிறவர்களோடு நின்று, இராட்சத யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டிவிட்டு நேற்று ஒஸ்லோவில் ஹொல்ம்லியாவிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். வழக்கம்போல உடுப்புப் பையை வாசலிலேயே வைத்தார்.

"அங்கை ஒரு மரம்..." என்று தொடங்கினார்.

எனக்கோ ஒரு கிழமையாகத் தடிமன். எரிச்சலோடு கதவைச் சாத்தப் போனேன். பையிலிருந்து வந்த தைல வாசம் என் அடைத்த மூக்குக்குள்ளும் ஏறியது. பைக்குள்ளிருந்து அவருடைய ஜாக்கெட்டை உருவி எடுத்தேன்.

"தோய்க்கப் போடட்டோ?" என்றார்.

"தோய்ச்சீங்களெண்டால் நடக்கிறது வேற."

ஜாக்கெட்டை முகத்தோடு அணைத்தபடி கட்டிலில் சாய்ந்தேன். மூச்சு வந்தது.

"இப்ப சொல்லுங்கோ. அந்த மரம் எவ்வளவு உயரம்?"