நடு நாற்காலிக்கு வராத பேஸ்

அரிமளம் வீட்டில் எங்கள் பங்காளிகளுக்கு ஆளுக்கொரு அறை உண்டு. வளவைச் சுற்றி, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, எல்லாம் பூட்டிய அறைகள். உள்ளே அவரவர் வீட்டுச் சீர்ச் சாமான்கள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கும்: பித்தளை அண்டா, வெண்கலப் பானை, எவர்சில்வர் தூக்கு. யாரும் அதில் ஒரு ரசம்கூட வைத்ததில்லை. வருஷம் ஒருமுறை முன்னோர்களுக்குப் படைப்பு போடக் கூடும்போது, பூட்டை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகி ஊர் திரும்புவோம்.

பின்கட்டில் இருக்கும் பெரிய அறை மட்டும் பொது. பொது என்றால், ஒரே ஒருத்தர் வேண்டாம் என்றாலும் அதில் ஆணி அடிக்கக் கூடாது. வயிரவன் அண்ணன் அதில் ஹோம் தியேட்டரே கட்டிவிட்டு, கட்டிய பிறகு சம்மதம் கேட்டார்.

அண்ணனுக்குச் சென்னையில் பைப் வியாபாரம். அது போக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் காலையில் பாரம்பரியம். 'முன்னோர் வைத்துப்போன சாமான் வெறும் உலோகம் அல்ல, நம் உயிர்' என்று எழுதி மேலே ஒரு குத்துவிளக்குப் படம் போடுவார். நாங்களும் கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் பல் தேய்க்கப் போவோம்.

படைப்புக்கு முந்தின நாள் எல்லாரும் வந்து சேர்ந்ததும் தியேட்டரில் படம் போட்டுக் காட்டுவது, ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது அங்கேயே இருப்பது, சொன்னால் கழற்றிவிடுவது என்று குழுவில் முடிவாகியிருந்தது. நான் பக்கத்தில் புதுக்கோட்டையில் இருப்பவன் என்பதால் அண்ணன் மத்தியானமே என்னை வரவழைத்துவிட்டார்.

போனால், மனிதர் கூண்டில் விட்ட மாதிரி அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். கையில் போன். அது கணத்துக்கு ஒருதரம் 'டிங்' என்றது.

"முதல் கார் திருமயம் தாண்டிடுச்சாம்டா. இங்க இன்னும் பேஸே வரல."

பேஸை, அதாவது நெஞ்சில் இடிக்கும் அந்தக் கனத்த அடிச்சத்தத்தை, வரவழைக்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் பெண் சுபஸ்ரீ, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. அறையின் நட்ட நடுவில் தேக்கு நாற்காலி ஒன்று, கைப்பிடியில் யாளி முகத்தோடு. அண்ணனுக்கான ஆசனம். அதன் மேல் ஒரு மைக்கை நிறுத்தி வைத்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெட்டி, நம் வீட்டு நெல் குதிருக்குத் தம்பி மாதிரி. சப்வூஃபர்; பேஸ் வருவது அதிலிருந்துதான்.

"சார், நான் மூணாவது தடவையாச் சொல்றேன்," என்றது சுபஸ்ரீ. "இந்த ரூம்ல நடுவுலதான் பேஸ் செத்துப்போகுது. சுவத்துல பட்டுத் திரும்புற அலை நடுவுல ஒண்ணையொண்ணு தின்னுடும். சுவரோரமா நின்னு பாருங்க, நெஞ்சுல இடிக்கும். நாற்காலியக் கொஞ்சம் பின்னாடி தள்ளினா அஞ்சு நிமிஷ வேலை."

"எங்க தள்ளுறது?"

"பின்சுவர் பக்கம்."

"வேலைக்காரன் நிக்கிற எடத்துலயா?" அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அப்போது பின்சுவரோரம்தான் நின்றுகொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த சோதனைச் சத்தத்தில் பேஸ் எனக்குப் பிரமாதமாகக் கேட்டது.

"நாற்காலி நகராதும்மா. மத்த எதை வேணாலும் நகத்து."

"அப்ப நீங்கதான் நகரணும். முழங்கால்ல."

முறை இதுதான். ஆள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை ஏற்றி வைத்து உறுமவிட வேண்டும். ஆள் தரையில் தவழ்ந்து சுவரோரமாகச் சுற்றிவர வேண்டும். எந்த இடத்தில் சத்தம் சுத்தமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை இறக்கினால், நாற்காலியில் உட்காருபவருக்கும் அப்படியே கேட்கும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

"டேய், நீ தவழு," என்றார் அண்ணன்.

"உக்காரப்போறவர் காதுதான் சார் முக்கியம்," என்றது சுபஸ்ரீ. எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப்போனது.

பெட்டியை நானும் அண்ணனும் தூக்கி யாளிகளுக்கு நடுவில் அமர்த்தினோம். சுபஸ்ரீ பட்டனைத் தட்டியது. நாற்காலியில் வீற்றிருந்த பெட்டி, எருமை செருமுவதுபோல ஊம்ம்ம் என்று ஆரம்பித்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சென்னைப் பைப் வியாபாரிகள் சங்கத்தின் முன்னாள் தலைவர் கையையும் காலையும் ஊன்றிக் கிளம்பினார்.

"தலையக் குனிஞ்சுக்குங்க சார். இன்னும் கீழ. ஆங்."

அவர் இரண்டாவது மூலையை எட்டும்போது வாசலில் நிழல் தட்டியது. முத்தாள் ஆச்சி. மூத்த பங்காளியான கணவர் போன பிறகு அந்தப் பங்குக்குப் பேசுகிறவர். குழுவில் யார் எதைக் கேட்டாலும் முதல் 'வேண்டாம்' ஆச்சியுடையதுதான். அண்ணனின் தூக்கத்தை ஒரு மாதமாகக் கெடுத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாய்தான்.

ஆச்சி நாற்காலியில் உறுமும் பெட்டியைப் பார்த்தார். தரையில் அண்ணனைப் பார்த்தார்.

"சாமி வீடு அங்கிட்டுல்ல இருக்கு வயிரவா? இதென்ன புதுத் தெய்வம்?"

அண்ணன் எழ முயன்றார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "வாங்க ஆச்சி. இது... டெக்னிக்கல்."

"செய்யி, செய்யி. அங்கப்பிரதட்சணத்தப் பாதியில நிறுத்தக் கூடாது."

ஆச்சி வளவுக்குப் போய்விட்டார். கதவோரத்தில் ஓர் இடத்தில் அண்ணன் தலையாட்ட, பெட்டியை அங்கே இறக்கினோம். அண்ணன் வேட்டியை உதறிக்கொண்டு ஆசனத்தில் ஏறினார். பேஸ் வந்தது. ஆனால் சோகையாக வந்தது.

"நடுவுல இதான் சார் கெடைக்கும். வேணும்னா ரொம்பக் கூட்டணும். உங்க ஒரு நாற்காலிக்காக வீடு பூரா கூட்டணும்."

"கூட்டும்மா! சொந்த வீட்டுல என்ன பயம்?"

கூட்டியது. சத்தத்தின் சுருதியை மேலிருந்து கீழே மெல்ல இறக்கியது. கீழே இறங்க இறங்க, அண்ணன் முகத்தில் ஒரு மகாராஜா களை வந்தது. அதே நேரத்தில் வளவிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. கலகல, கிணுகிணு, டங். பூட்டிய அறைகளுக்குள் இருந்த அண்டாவும் தூக்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தன.

"அதான் பாத்தேன்," என்று சுபஸ்ரீ எழுந்தது. "எது எது ஆடுதுன்னு பாத்து அடக்கணும் சார். இல்லைன்னா படத்துல இடி இடிக்கிறப்பல்லாம் பாத்திரக் கடை கேக்கும்." சத்தத்தை ஓடவிட்டு வளவுக்கு நடந்தது. நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஆச்சி தன் அறைக்கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு கல்யாணப் பந்தியே நடந்தது. "எங்க மாமியா வச்ச குடமெல்லாம் ஆடுதுடி!" கோபம் பாதி, பெருமை பாதி.

சுபஸ்ரீ ஒவ்வொரு கதவாகக் காதை வைத்தது. அடுத்தது கலகலத்தது. அதற்கடுத்தது கிணுகிணுத்தது. என் பங்கு அறையில் சில வாளிகளும் ஓர் இட்லிக் கொப்பரையும்தான். அவையும் தம்மால் முடிந்ததைச் செய்தன. பிறகு ஒரு கதவில் காதை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது.

"இந்த ரூம்ல ஒண்ணுமே ஆடல. சூப்பர். இது காலி ரூமா சார்?"

அது வயிரவன் அண்ணனுடைய அறை.

அண்ணன் சிரித்தார். சிரிப்பு உதட்டில் நிற்கவில்லை. "காலியா! எங்கப்பா காலத்துச் சாமான் அம்புட்டும் உள்ளதான் இருக்கு. துணி சுத்திப் பத்திரமா வச்சிருக்கேன்."

"நல்ல ஐடியா சார். கதவத் தெறங்க, எப்படிச் சுத்தியிருக்கீங்கன்னு பாத்து எல்லா ரூமுக்கும் அதையே பண்ணிடலாம்."

"சாவி மெட்ராஸ்ல இருக்கு."

"அண்டாவுக்கெல்லாம் வேட்டி கட்டி விட்டியாக்கும்," என்றார் ஆச்சி. அந்தக் கதவை மட்டும் ஒரு தடவை உள்ளங்கையால் தொட்டுவிட்டு, காபி போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனை ஓரிடத்தில் பார்க்க முடியவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார். யாருக்கோ போன் போட்டார், அவர் எடுப்பதற்குள் துண்டித்தார். கடைசியில் சுபஸ்ரீயிடம் குனிந்து, "படம் போடறப்ப அந்தப் பெட்டி வேணாம்மா. வயரப் புடுங்கிரு," என்றார்.

"பெட்டி இல்லாமலா? அப்ப எதுக்கு சார் தவழ்ந்தீங்க?"

நியாயமான கேள்வி. அண்ணன் மறுபடி வாசலுக்குப் போய்விட்டார்.

பங்காளிகள் ஒவ்வொரு காராக வந்து இறங்கினார்கள். காபி முடிந்து எல்லாரும் தியேட்டருக்குள் உட்கார்ந்தார்கள். அண்ணன் நடு நாற்காலியில். ஏதோ ஓர் இங்கிலீஷ் சண்டைப் படம். திரையில் ஒரு நகரமே வெடித்துச் சிதறியது; சத்தம் என்னவோ அப்பளம் நொறுங்கிய மாதிரி கேட்டது. ஆனாலும் ஏசி குளுகுளுவென்று இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. விளக்கைப் போட்டதும் அண்ணன் எழுந்தார்.

"எல்லாருக்கும் சம்மதந்தானே?"

"தாராளமா அண்ணே," என்றான் எங்களில் இளையவனான ஆனந்த். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லார் கண்ணும் முத்தாள் ஆச்சியிடம் போய் நின்றன.

"எனக்கென்ன," என்றார் ஆச்சி. "ஆனா அந்தக் கதவோரத்துல இருக்கற பொட்டி பேசவே இல்லையேப்பா. மத்தியானம் நல்லாப் பேசுச்சு. முழுசாக் கேக்காம எப்படிச் சம்மதம் சொல்றது? அதப் போடச் சொல்லு. நாம எல்லாரும் வளவுல அவுகவுக ரூம் வாசல்ல நின்னு கேப்போம். சாமானுக்குச் சேதம் வருமா வராதான்னு தெரிஞ்சுக்கணும்ல?"

"அதும் சரிதான்," என்று ஆனந்த் எழுந்தேவிட்டான்.

சுபஸ்ரீ வயரைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தது. அண்ணன் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எழுந்துகொண்டிருக்கும் பங்காளிகளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தார்.

"ஒக்காருங்க. எல்லாரும் ஒக்காருங்க. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். மத்தியானம் அந்தச் சத்தத்துல நம்ம முன்னோர் சாமானெல்லாம் நடுங்குனதக் கேட்டேன். என் நெஞ்சு நடுங்கிருச்சு. அதுக வெறும் உலோகமில்ல, நம்ம உயிர். அந்த உயிர் நடுங்க எனக்கு ஒரு தியேட்டர் தேவையா? நாளைக்குப் படைப்பு முடிஞ்சதும் எல்லாத்தையும் கழட்டிருவேன். பொது பொதுவாவே இருக்கட்டும்."

கைதட்டல் எழுந்தது. ஒரு பங்காளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்த் போனில் பிடித்த பேச்சைக் குழுவில் போட்டுவிட்டான். கைகூப்பிய பொம்மைகள் வந்து விழுந்தன.

முத்தாள் ஆச்சி மட்டும் கைதட்டவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, நாற்காலியின் யாளித் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"அடடா, எனக்கு இருக்கட்டும்னுதான் இருந்துச்சு வயிரவா. அந்த ஏசி முழங்காலுக்கு அவ்வளவு இதமா இருந்துச்சு."