உம்மா பெயரில் ஒரு முகவரி

ரிஃபாய் அபுதாபியில் ஏ.சி. மெக்கானிக். அங்கே வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச அனுமதி இல்லை. சென்ற லீவில் வந்தபோது, படுத்த படுக்கையாகிவிட்ட உம்மாவின் கட்டிலுக்கு எதிரே பழைய லேப்டாப்பை வைத்து, அதன் கேமரா காட்டுவது ஒரு பக்கத்தில் தெரியும்படி செய்தான். வீட்டுக்குள் மட்டுமே திறக்கும் பக்கம் அது. வெளியூரிலிருந்தும் பார்ப்பதற்காக டனல் என்று ஒரு புரோகிராம் போட்டான். ஆரம்பத்தில் கரண்டு போய் வந்தால் முகவரி மாறிவிடும். தங்கை ஹஃப்ஸா புதியதை அனுப்பும்வரை அவனுக்கு உம்மா தெரியமாட்டாள். பிறகு முகவரிக்கு மாறாத பெயர் ஒன்று எடுத்தான். மெஹர்பானு. உம்மா பெயர்தான்.

அவன் பார்க்கும்போது லேப்டாப் திரையின் ஓரத்தில், பார்ப்பவர் ஒருவர் என்று 1 வரும். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள்.

ஒரு நாள் விடியலில், சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு உம்மா மவுத்தானாள். மதியம் லுஹருக்கு அடக்கம். ரிஃபாயால் அதற்குள் வர முடியாது. தான் மவுத்தான பிறகு மய்யித்தைப் போட்டோ எடுக்கக் கூடாதென்று உம்மா சொல்லியிருந்தாள். இது போட்டோ இல்லை, கண்ணாடி மாதிரி, எதையும் பிடித்து வைக்காது, முகத்தை மட்டும் காட்டு என்று ரிஃபாய் ஹஃப்ஸாவுக்கு மெசேஜ் அனுப்பினான்.

அறை பெண்களால் நிறைந்தது. கேமரா விளக்கு எரிவதை மாமி சித்திக்கா பார்த்துவிட்டாள்.

"யாருடி இதத் தொறந்து வச்சது? பொம்பளைங்க முக்காடு நழுவுறது தெரியாம அழுவுறோம். ஊரே பாக்கட்டும்னா?"

அண்ணன் ரிஃபாயை நானா என்பாள் ஹஃப்ஸா. நானா மட்டும்தான் பார்க்க முடியும் என்று சொன்னாள். அழுகைச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. மாமி லேப்டாப்பை அணைத்து அலமாரி மேல் வைத்தாள்.

கஃபன் துணி சுற்றி, முகத்தை மூடுமுன் கடைசியாகப் பார்க்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். கட்டிலுக்கு முன்னால், மய்யித்தைத் தூக்கிப்போகும் பெட்டியான சந்தூக். ஹஃப்ஸா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, நானா இன்னும் பாக்கல."

"அவன் எங்கடி வந்தான்?"

"அந்த லேப்டாப்புலதான் மாமி. பாஸ்வேர்டு இருக்கு. நானாவத் தவிர யாருக்கும் தொறக்காது."

மாமி அவளையே பார்த்தாள். "இத அப்பவே சத்தமா சொல்றதுக்கு என்னடி?"

அவளே லேப்டாப்பை எடுத்துக் கொடுத்து, பெண்களை ஒதுங்கி நிற்கச் சொன்னாள். பழைய லேப்டாப், உயிர் வர நேரமாகும். வாசலிலிருந்து ஆண்கள் நேரமாகிறது என்றார்கள். கொஞ்சம் பொறுங்க என்றாள் மாமி. பொறுத்தார்கள். டனல் இன்னும் இணையவில்லை. பள்ளிவாசலில் லுஹர் பாங்கு கேட்டது. முகத்தை மூடினார்கள். கலிமா சொல்லிக்கொண்டே சந்தூக்கைத் தூக்கினார்கள்.

பிறகுதான் பக்கம் திறந்தது. அதே முகவரி. அதில் கட்டில் மட்டும் தெரிந்தது.

ஓரத்தில் 1 வந்தது.

ஹஃப்ஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். மாலையில் அசருக்குப் பாங்கு சொன்ன பிறகும் அந்த 1 போகவில்லை.