பெரியம்மா திரும்பி நின்ற ஆறு விநாடி

பெரியம்மா நல்லவளா கெட்டவளா என்று மூன்று வருடமாக ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நிஜப் பெரியம்மா இல்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு டிவி தொடரில் வருகிற பெரியம்மா. தாயில்லாத தங்கை மகளைத் தூக்கி வளர்த்தவள். வளர்த்த கையோடு அந்தப் பெண்ணுக்கு வந்த கல்யாணத்தைக் கலைத்தாள், வேலையைக் கெடுத்தாள், சிநேகிதிகளை ஒவ்வொருத்தியாய்க் கழற்றிவிட்டாள். எல்லாம் சிரித்த முகத்தோடு, காதும் காதும் வைத்த மாதிரி. ஏன் செய்கிறாள் என்று வாயைத் திறந்து சொன்னதே இல்லை, அழுத்தக்காரி!

தொடர் வேறு மொழியில் எடுத்தது. பெரியம்மாவுக்குத் தமிழ்க்குரல் கொடுத்தவள் அக்கா. ஸ்டூடியோவில் டைரக்டரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் அக்காதான். வீட்டில் மட்டும் சொந்தத் தங்கை ஒருத்தி இருந்தாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிற வேலை.

"பெரியம்மா நல்லவக்கா. பாசம் அதிகமானா அப்படித்தான் கோணல்மாணலா போகும்," என்பாள் தங்கை.

"பாசமாவது மண்ணாவது. சுயநலம் பிடிச்சவ," என்பாள் அக்கா. சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். 

காரணம் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் வீட்டு ஃபோன் அடித்தது. தங்கை குளியலறையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். தங்கை மனு போட்டிருந்த, வேறு ஊரில் லென்ஸ் செய்கிற பெரிய கம்பெனி. இரண்டு வருடப் பயிற்சி, அப்புறம் அங்கேயே வேலை. சம்மதமா என்று இப்போதே தெரிய வேண்டுமாம். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் அம்மாவின் குரல். அதோடு அக்கா யார் மாதிரி வேண்டுமானாலும் பேசுவாள், அதுதானே பிழைப்பு! "எனக்கு வர விருப்பமில்லைங்க," என்று தங்கையாகவே சொல்லி ஃபோனை வைத்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது.

தங்கை ஒரு மாதம் அந்த ஃபோனுக்காகக் காத்திருந்தாள். பிறகு ஒரு நாள், "நமக்கு அவ்வளவுதான் யோக்கியதை போல," என்றாள். அதோடு அடங்கிப்போனாள். போன வாரம்கூடக் கடை முதலாளி, புதுக்கிளைக்கு நீயே பொறுப்பாளராக மனு போடு என்றிருக்கிறார். "என்னையெல்லாம் யாருக்கா கூப்பிடப் போறா?" என்று சிரித்தாள் தங்கை. அந்தச் சிரிப்பு அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

கடைசி அத்தியாயத்துக்குக் குரல் கொடுக்கிற நாள் வந்தது. வெளியே மத்தியான வெயில் கொளுத்தினாலும் டப்பிங் அறைக்குள் எப்போதும் ஒரே பொழுதுதான். கதவு சாத்தினால் தன் மூச்சே யாரோ பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கும். திரையில் மட்டும் வெளிச்சம். அதில் பெரியம்மா உதடு அசைப்பாள், அக்காவுக்கு வாய் திறக்கும். சில நாள் யார் யாரைப் பேச வைக்கிறார்கள் என்றே தெரியாது.

அன்று திரையில் அந்தத் தங்கை மகள், "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள். பெரியம்மா பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு விநாடி முதுகு மட்டும். அப்புறம் திரும்பி அதே சிரிப்பு. தொடர் முடிந்தது.

"கதை எழுதின கடங்காரன், கடைசி வரைக்கும் சொல்லாமலே முடிச்சிட்டான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் டைரக்டர்.

"முதுகுதானே சார் தெரியுது? உதடு தெரியலையே," என்றான் ஒலிப்பதிவுக்காரன். ஊசி விழுந்தாலும் கேட்கும் என்பதால் அவனுக்குப் பாம்புக்காது என்று பெயர்.

குரல் கொடுக்கிறவர்களுக்கு அது தெரிந்த வழிதான். பாத்திரம் முதுகு காட்டினால் அந்த இடம் நம்முடையது. எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம்.

"அக்கா, உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க," என்றார் டைரக்டர். "நல்லவளோ கெட்டவளோ, ஒண்ணை முடிவு பண்ணிடுங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. ஜன்னலோரம் அந்த முதுகு நின்றது. அக்கா மைக் பக்கம் குனிந்தாள்.

"அன்னைக்கு ஃபோன்ல, 'எனக்கு வர விருப்பமில்லைங்க'ன்னு சொன்னது நான்தான். உன் குரல்லயே சொன்னேன். நீ தலைக்குக் குளிச்சிட்டு இருந்தே. ஏன்னா..."

அதற்குள் பெரியம்மா திரும்பிவிட்டாள். உதடு மூடியிருந்தது.

பாம்புக்காது தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். டைரக்டர் மட்டும், "அடடா, அப்படியே விடுங்க! அடுத்த தொடரும் உங்களுக்குத்தான். ஒளிபரப்பாகிற அன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்குக் கூப்பிடறேன், ஆமா இல்லைன்னு அப்பவே சொல்லிடணும்," என்றார். அக்கா தலையாட்டினாள். தொண்டை கட்டிக்கட்டிப் போவதால் ஆறு மாதம் வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தங்கை கையில் மட்டும் மருந்துச்சீட்டு சிக்கியிருந்தது. தினமும் அதற்கு ஒரு சண்டை.

ஒளிபரப்பான மாலை அக்கா வேண்டுமென்றே ஆமை வேகத்தில் வீட்டுக்கு நடந்தாள். தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அவள் குரலே வந்தது. ஒரு வீட்டில் ஒரு வார்த்தை முந்தியது, அடுத்த வீட்டில் பிந்தியது. தலைக்குக் குளிச்சிட்டு இருந்தே, இருந்தே, இருந்தே என்று தெருவே அவளைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டது. அங்கே மட்டும் டிவி அணைந்திருந்தது.

தங்கை அடுப்படியில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"பதினோரு வருஷம்க்கா. நான் மட்டம்னே நெனச்சிட்டு இருந்தேன்."

"தெரியும்டி."

"ஏன்னா-ன்னு நிறுத்தினியே. மிச்சத்தைச் சொல்லு."

எத்தனையோ வாய்களுக்குப் பேசியவள் இப்போது தன் வாய்க்காகப் பேசினாள்.

"உனக்கு அடிக்கடி மூச்சு இழுக்கும். முகம் தெரியாத ஊர்ல ராத்திரி இழுத்தா யாரு பார்ப்பாங்கன்னு..."

"சரி. அப்புறம்?"

"நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்னு பயந்தேன்."

"இதுல எது முதல்ல தோணுச்சு?"

"சத்தியமா தெரியலடி. யோசிச்சு யோசிச்சு மண்டை காய்ஞ்சதுதான் மிச்சம்."

மேஜை மேல் அக்காவின் ஃபோன் அடித்தது. மணி ஏழு. அக்கா கை நீட்டுவதற்குள் தங்கை எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க சார், அக்காதான் பேசறேன்," என்றாள். கரகரப்பு உட்பட அச்சு அசல் அக்காவின் குரல். 

"இல்லைங்க. எனக்கு வர விருப்பமில்லைங்க."

ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அடிப்பாவி! என்னடி பண்ணிட்டே?"

தங்கை வெந்நீரை டம்ளரில் ஊற்றி அக்காவின் முன்னால் வைத்தாள். "ஆறு மாசம் தொண்டைக்கு ஓய்வு வேணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? குடி."

அக்கா டம்ளரைத் தொடவில்லை. மூன்று வருடம் பெரியம்மாவின் முகத்தைத் துருவிய அதே கண்ணால் தங்கையின் முகத்தைத் துருவினாள். பிடிபடவில்லை.

"தொண்டைக்காகத்தான் அப்படிச் சொன்னியா?"

தங்கை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அதுக்காகவும்தான்," என்றாள் தங்கை, திரும்பாமலே.