லேக் ஹாரிங்டன் வெற்றி ஊருக்குள் வந்த விதம்

லேக் ஹாரிங்டனில் சனிக்கிழமை சாயங்காலம் மூன்றுக்கு இரண்டு என்று கிடைத்த வெற்றி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் வரைக்கும் ரெட்ஸ்லேட் ஊருக்குள் வரவில்லை. வனவியல் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணியை ஏற்றிக்கொண்டு பேருந்து என்னவோ விடிவதற்கு முன்பே வந்துவிட்டது. டொலோரஸின் காப்பிக்கடை மூலையில், எஞ்சின் ஓட, அப்படியே நின்றது. ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி தூங்கினார். உள்ளே இருபத்துநான்கு பையன்களும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். யாரும் போய்க் கண்ணாடியைத் தட்டவில்லை, தட்டினாலும் எழுந்திருக்கப் போவதில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், ஐஸ் அரங்கத்தின் வாசலுக்கு மேலே இருக்கிற ஸ்கோர்போர்டு இருட்டாக இருந்தது. அதன் மின்கம்பியை 1987-இலேயே அணில் கடித்துப்போட்டது. அதற்குப் பிறகு அது தன் இஷ்டத்துக்குத்தான் எரிகிறது.

உள்ளூர் ஆட்டங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அரங்கத்தில் ஆயிரத்து எண்ணூறு பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நடந்தது நடந்ததுதான். தோல்விக்கும் கிடையாது, தோல்வி யாரையும் கேட்காமல் நேராக வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். வெளியூரில் ஜெயித்தால் மட்டும், டொலோரஸ் கடையின் ஜன்னலோர மேசையில் உட்காருகிறவர்கள் ஆட்டத்தை முதலிலிருந்து பேசி, எல்லோரும் ஒரே மாதிரி சொல்லி முடிக்க வேண்டும். மேசை ஒப்புக்கொள்ளாத கோல் விழாத கோல். மறுநாள் பேப்பரில் இருக்காது, எதிரணியின் ஞாபகத்திலும் இருக்காது. அந்த நேரத்தில் கடையின் நான்கு சுவருக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் பழைய ஸ்கோர் நினைவிருக்கும். அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஒரு வருஷம் அப்படியும் இருந்து பார்த்தார்கள். பேருந்து புதன்கிழமை வரை மூலையில் நின்றது, பையன்கள் பரீட்சையைக் கோட்டை விட்டார்கள், கல்லூரியிலிருந்து ஆள் வந்து, தயவுசெய்து பேசுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

மேசையில் மூன்று பேர். ஹெல்வி ரவுட்டியோ, எழுபத்தொரு வயது, நாற்பது வருஷம் தபாலாபீஸில் பார்சல்களை எடை போட்டவர். ஒரு கிராம் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை, கட்டின புருஷன் அனுப்பின பார்சலைக்கூட எடை அதிகம் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். வெளியூர் ஆட்டங்களுக்கு இந்த ஊரிலிருந்து பனியில் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போகிற ஒரே பைத்தியமும் அவர்தான். அடுத்தவர் க்ளிஃப் டுசெட், குழாய் ரிப்பேர்க்காரர், யார் எதைச் சொன்னாலும் இல்லை என்பார். பிறகு நிதானமாக யோசித்து ஆமாம் என்பார். மூன்றாவது ஆள் ரெய்னோ பெல்கோலா. ஐம்பத்தோரு வயது, மர அறுவை ஆலையில் இடது முழங்காலைக் கொடுத்துவிட்டு வீட்டிலிருக்கிறவர். க்ளிஃபும் ரெய்னோவும் ரேடியோவில்தான் கேட்பார்கள். அதனால் வெளியூர் ஆட்டம் என்றால் கடைசிச் சொல் ஹெல்வியுடையது.

ரெய்னோவும் ஒரு காலத்தில் அந்த அணியில் ஆடியவர்தான். 1994-இல் வெளியூரில் நடந்த அரையிறுதியில், கடைசி நிமிஷத்தில், ஐந்தாவது கோலைப் போட்டு ஐந்துக்கு நான்கு என்று ஜெயிக்கவைத்தார். சந்தோஷத்தில் தூக்கம் வராமல், மூலையில் நின்ற பேருந்திலிருந்து தானாக இறங்கிக் கடைக்குள் வந்துவிட்டார். அப்படி விழித்துக்கொண்ட ஆட்டக்காரர் இன்றுவரை அவர் ஒருவர்தான். கோல் போட்ட ரப்பர் வட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கவுன்ட்டரில் உட்கார்ந்து, அடுப்பில் சுட்ட அப்பத்தைக் காட்டுப்பழ ஜாமோடு தின்றுகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் மேசையில் ஹெல்வி சொன்னார்: “பையன் ஆஃப்சைடு. வட்டுக்கு முன்னாடியே நீலக்கோட்டைத் தாண்டிட்டான். ரெண்டடி இருக்கும், நான் நேர் எதிர்லதான் உக்காந்திருந்தேன்.” மேசை ஒப்புக்கொண்டது. ஆட்டம் நான்குக்கு நான்கு ஆனது, கூடுதல் நேரம் என்று ஒன்று நடந்திருந்தது, அதில் தோற்றுப்போயிருந்தார்கள். ரெய்னோவின் கோட்டுப் பை லேசாவதை அவரே உணர்ந்தார். கையை விட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. மிச்ச அப்பத்தைத் தின்று முடித்துவிட்டுப் போனார். ஆறு வருஷம் கழித்து அதே மேசைக்கு வந்து ஹெல்விக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறார். 94 பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால்கூட ஹெல்விக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதினோரு வருஷமாக அணி வெளியூரில் ஜெயிக்கவேயில்லை. மேசைக்காரர்கள் தோல்வியைத் திட்டிவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க இந்தப் பிப்ரவரியில், பருவத்தின் கடைசி வெளியூர் ஆட்டத்தில், லேக் ஹாரிங்டனில் ஜெயித்தார்கள். வெற்றி கோலைப் போட்டவன் ட்ராவிஸ் பெல்கோலா, ரெய்னோவின் மகன். நாலு வருஷக் கல்லூரியில் மொத்தம் பதினோரு நிமிஷம் ஐஸில் கால் வைத்தவன். அன்றைக்கு இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்ததால் இறக்கிவிட்டார்கள். அது அவனுடைய முதல் கோல். மே மாதம் பட்டம் வாங்கிவிடுவான், அதனால் கடைசி கோலும் அதுவேதான்.

அந்த கோலை அவன் காலால் உதைத்தான். ஹெல்வி பார்த்தார். வலைக்கு எட்டடி தள்ளி, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மட்டை தரையில் கிடந்தது, வட்டு காலடியில் கிடந்தது, பையன் இடுப்பிலிருந்து வலது காலை வீசி ஒரு உதை விட்டான். நடுவர் அந்த நேரம் பார்த்து வழுக்கி விழுந்து, வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி நேரமும் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது ஹெல்விக்கு அந்தக் கால்தான் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அப்பன் கோலையும் நானே பிடுங்கினேன், மகன் கோலையும் நானே பிடுங்கப் போகிறேன் என்று நினைத்து அழுகை வந்தது. வண்டியை ஓரம் கட்டி அழுதுவிட்டு மறுபடி ஓட்டினார்.

ஞாயிறு காலை மேசையில் முதல் இரண்டு கோல்களும் ஒன்பதரைக்குள் தீர்ந்தன. மூன்றாவதற்கு டொலோரஸ் இரண்டாம் கெட்டில் காப்பி போடவேண்டி வந்தது. உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் கோல் கம்பங்கள், ஜாம் மூடி வட்டு, ஏலக்காய் ரொட்டியின் கடைசித் துண்டு எதிரணியின் கோல்காப்பாளர்.

“ரேடியோக்காரன் மட்டை மட்டைன்னு கத்துனான்” என்றார் க்ளிஃப். “அவன் மட்டைன்னா அது கால்தான். அவனுக்கு என்னிக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு?”

“கால்ல பட்டாலும் கோல்தான்” என்றார் ரெய்னோ. “பிரேக் போடறப்ப ஸ்கேட்ல பட்டுத் திரும்புனா செல்லும்.”

“உதைச்சா செல்லாது.”

“உதைச்சான்னு யார் சொன்னா?”

“உதைக்கலன்னு யார் சொன்னா? ஒம் மவனாச்சே, மட்டையைக் கீழ போட்டிருப்பான். நாலு வருஷமா மட்டையைப் புடிச்சிட்டு உக்காந்தே இருந்தவன், நின்னா எப்படிப் புடிக்கறதுன்னு தெரியுமா?”

“டேய் க்ளிஃப், வாயைக் கழுவு” என்று கவுன்ட்டரிலிருந்து டொலோரஸ் அதட்டினாள். ரெய்னோ கோபப்படவில்லை. எழுந்து, நல்ல காலை ஊன்றி, ஆலையில் கெட்டுப்போன காலை மெல்லத் திருப்பி, நிற்கப் பார்க்கிற ஆட்டக்காரனின் பாதம் எப்படித் திரும்பும் என்று காட்டினார். வலியில் முகம் கோணியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“சரி, நாம ரெண்டு பேரும் கத்தி என்ன ஆவப்போவுது, பாத்தவங்க இவங்கதானே” என்றார். சர்க்கரைக் கிண்ணத்தை ஹெல்வி பக்கம் நகர்த்தினார். “நீங்க பாத்ததைச் சொல்லுங்க ஹெல்வி. எதுவா இருந்தாலும் சரி. எம் பையன்னு பாக்காதீங்க.”

அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் ஹெல்விக்குத் தாங்கவில்லை. ஜன்னல் வழியே பேருந்தைப் பார்த்தார். நான்காவது கண்ணாடியில் ட்ராவிஸின் கன்னம் அப்பிக்கிடந்தது. தூக்கத்திலும் அவன் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது, எதையோ இறுகப் பிடித்திருந்தது. ஹெல்வி இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, இருபத்துநான்கு வருஷமாக அந்தக் கிண்ணம் வந்து வந்து சும்மா திரும்பிப் போகும்.

“நிக்கப் பாத்தான்” என்றார். “பிரேக் போட்டான். பாதம் திரும்புச்சு, அதுல பட்டு உள்ள போச்சு. நல்ல கோல்.”

க்ளிஃப் இல்லை என்றார். பிறகு யோசித்து ஆமாம் என்றார். ரெய்னோ ஒரு தரம் சொன்னார், க்ளிஃப் ஒரு தரம் சொன்னார், மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பதினொன்றே காலுக்கு ஸ்கோர்போர்டு மூன்றுக்கு இரண்டு என்று எரிந்தது. ஓட்டுநர் கொட்டாவி விட்டு கியரைப் போட்டார், பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டே கல்லூரிப் பக்கம் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வீடியோவில் பார்த்தால் ட்ராவிஸ் அழகாக பிரேக் போடுகிறான், பாதம் திரும்புகிறது. தான் உதைத்தது அவனுக்கே தெரியாது. அந்த உதை இப்போது உலகத்தில் ஹெல்வி ஒருவரிடம்தான் இருக்கிறது.

“ஒனக்கு ஏன் காது செவக்குது?” என்று ஹெல்வியிடம் கேட்டார் க்ளிஃப், பேருந்து போன கையோடு.

“குளிரு.”

“ஹீட்டர் பக்கத்துல உக்காந்துகிட்டா?”

ரெய்னோவும் அந்தக் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, தக்காளி சாஸ் எங்கே என்று கேட்கிற குரலில் கேட்டார்: “94-ல ரெண்டடியா?”

முடிந்துபோன ஆட்டத்தை யாரும் திரும்ப எடுத்ததில்லை. எடுக்கமுடியும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

“ரெண்டடிதான்” என்றார் ஹெல்வி. “அதைச் சொன்னதுக்காக ஒரு நாள்கூட நான் சந்தோஷப்பட்டதில்ல ரெய்னோ. ஆனா ரெண்டடி.”

“ரெண்டெல்லாம் இருக்காது. ஒண்ணு இருக்கும்.”

ரெண்டு என்று மறுபடி சொல்லி முடித்திருக்கலாம். நாற்பது வருஷம் தராசுக்கு முன்னால் நின்றவர் அப்படித்தான் சொல்லியிருக்கவேண்டும். ஹெல்வி காப்பியைக் கலக்கினார், ஒரு வாய் குடித்தார், இனிப்பில் முகம் சுளித்தார்.

“நான் உக்காந்த எடத்துல ஒரு தூண் இருந்துச்சு” என்றார். “கொஞ்சம் யோசிக்கணும்.”

வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது. கல்லூரிப் பேருந்து திரும்பி வந்துவிட்டதோ என்று டொலோரஸ் எட்டிப் பார்த்தாள். மூலையில் நின்றது வேறு பேருந்து. பச்சை நிறம், பக்கவாட்டில் கல்லூரியின் பழைய எழுத்து, கூரையில் ஒரு முழத்துக்குப் பனி. உள்ளே இருபத்துமூன்று பையன்கள் தூங்கினார்கள், ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாக இருந்தது. ஸ்கோர்போர்டு அணைந்தது. ரெய்னோ கோட்டுப் பைக்குள் கையை விட்டார். எடுத்து மேசைமேல் வைத்தார், ஜாம் மூடிக்குப் பக்கத்தில். ரப்பர் வட்டு ஈரமாக இருந்தது. ஓரத்தில் துளி ஐஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுதார். க்ளிஃப் முதல்முறையாக எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் பச்சைப் பேருந்து இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. பனி அள்ளும் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஊராட்சியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், டீசல் தீர்வதாகத் தெரியவில்லை. 94 அணியின் கோல்காப்பாளர் இப்போது வேறு மாநிலத்தில் பல் டாக்டர். பிப்ரவரியிலிருந்து தனக்கு நல்ல தூக்கம் வருகிறது என்று கடைக்கு எழுதியிருக்கிறார், காரணம் கேட்கவில்லை. ட்ராவிஸ் சில நேரம் வந்து பேருந்தைச் சுற்றிப் பார்ப்பான், காலி இருக்கையைக் கண்ணாடி வழியே பார்ப்பான், பிறகு உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பம் தின்பான். ஞாயிறுதோறும் மேசையில் 94 ஓடுகிறது. ஏப்ரலில் ஹெல்வி ஒன்றேகால் அடிக்கு வந்தார். ஜூலையில் ஓரடி. போன ஞாயிறு நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒன்பது அங்குலம் என்றார்.

“என்னை அவசரப்படுத்தாதே” என்றார்.

“யாரு அவசரப்படுத்துறா?” என்றார் ரெய்னோ. சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு இன்னொரு அப்பம் சொன்னார். டொலோரஸ் ஜன்னல் வழியே பேருந்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு கெட்டில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.