ஏழாவது கட்டம்

இட்லித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, மைக்கேல்ராஜ் சாப்பாட்டு மேசையில் விண்ணப்பப் படிவங்களை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். மொத்தம் அறுபத்து நான்கு படிவங்கள். அவர் வேலை பார்க்கும் கத்தோலிக்க மேல்நிலைப்பள்ளியில் பிளஸ் ஒன் முடிக்கும் பிள்ளைகள் மே மாதத்தில் பதினைந்து நாள் வெளியே போய் வேலை பழகிவிட்டு வர வேண்டும். அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். வக்கீல் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ், மிஷன் ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, அச்சகம் என்று இடங்கள் இருந்தன. எந்தப் பிள்ளை எங்கே போவது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஆறு வருடமாக அவரிடம் இருந்தது.

படிவத்தை எடுத்ததும் அவர் பெயரைப் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணையும் பார்ப்பதில்லை. கண் நேராக ஏழாவது கட்டத்துக்குப் போகும். 'பெற்றோர் தொழில்.' டாக்டர், பேங்க், டீச்சர் என்றிருந்தால் இடது அடுக்கு. கடை, பிசினஸ், பிரைவேட் என்றிருந்தால் நடு அடுக்கு. கூலி என்றிருந்தால் வலது அடுக்கு. அவருக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஓய்வு பெற்ற அன்று காதோடு சொல்லிக்கொடுத்த முறை இது. இப்படிப் பிரித்தால் ஒரு புகாரும் வராது என்றார் அவர். ஆறு வருடத்தில் ஒன்றும் வரவில்லை. வலது அடுக்கில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கு வந்து புகார் சொல்ல நேரமும் இல்லை, தைரியமும் இல்லை என்பதை மைக்கேல்ராஜ் யோசித்ததில்லை.

அவர் மனைவி ஆனிமேரி சட்னிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"என்னங்க, காலங்காத்தால சீட்டுக் கச்சேரியா?"

"படிவத்துல சட்னிய ஊத்திறாத. அம்புட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்கிட்ட போகணும்."

அவள் வலது அடுக்கின் மேலிருந்த படிவத்தை எடுத்துப் படித்தாள். "இந்தப் பிள்ள அரையாண்டுல பயாலஜில தொண்ணூத்தெட்டு வாங்கியிருக்கு. லேப் வேணும்னு எழுதியிருக்கு. இத எதுக்கு இந்தப் பக்கம் போட்டீங்க?"

மைக்கேல்ராஜ் எட்டிப் பார்த்தார். சரண்யாதேவி. ஏழாவது கட்டத்தில் 'தாய், தூய்மைப் பணியாளர்' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது.

"தெரியும், நல்ல பிள்ளதான். ஆனா ஆஸ்பத்திரி லேப்ல ரெண்டே எடம். டாக்டர் பிள்ளைகளோட நிக்கணும், இங்கிலீஷ் பேசணும். கூசிப்போயிரும். ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரு நல்ல பிள்ளையா கேட்டிருக்காங்க. அங்கன்னா அதுக்குச் சங்கடமா இருக்காது."

"கூசுதுன்னு அது ஒங்ககிட்ட வந்து சொல்லுச்சாக்கும்?"

"ஒனக்குத் தெரியாது, நீ போ."

அதை அவர் இரக்கம் என்றே நம்பினார். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் என்றாவது உறுத்தியிருக்கும். இது உறுத்தவில்லை.

லேப்பின் இரண்டு இடங்களும் யாருக்கு என்று அன்றே முடிவானது. ஒன்று டாக்டர் மகன் ஆலனுக்கு. மற்றொன்று நடு அடுக்கிலிருந்து ஆர்த்திகாவுக்கு. அவளுடைய ஏழாவது கட்டத்தில் 'டிரான்ஸ்போர்ட்' என்று இருந்தது.

ஆர்த்திகாவின் அப்பா செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர். சிம்மக்கல்லுக்குப் பின்னால், வைகைக் கரையை ஒட்டிய ஒரே தெருவில்தான் ஆர்த்திகாவின் வீடும் சரண்யாவின் வீடும் இருந்தன. ஆர்த்திகா பயாலஜியில் எழுபத்தொன்று.

அதற்கு ஒரு வாரம் முன்பு, பிள்ளைகளுக்குப் படிவம் கொடுத்த அன்று நன்னெறி வகுப்பு இருந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்ற வேதபாட வகுப்புக்கு எழுந்து போன பிறகு, மற்றவர்களுக்கு மைக்கேல்ராஜ் நன்னெறி நடத்துவார். அன்றைய பாடம் வாய்மை.

"பார்ம்ல ஒரு எழுத்துகூட பொய் இருக்கக் கூடாது. அப்பா அம்மா என்ன வேலை பாத்தாலும் அத அப்படியே எழுதுங்க. எந்த வேலையிலயும் கேவலம் இல்ல. புரியுதா?"

"புரியுது சார்," என்று வகுப்பே கத்தியது. வீட்டுக்குப் போனதும் பாதிப் பேர் 'பிரைவேட்' என்று எழுதினார்கள். அவர்களுக்கு விவரம் தெரிந்திருந்தது.

சரண்யாவின் அம்மா மாயக்காளுக்கும் தெரிந்திருந்தது. தல்லாகுளத்தில் ரோடு கூட்டுகிற பெண் அவள். பன்னிரண்டு வருடமாக விடியுமுன் கிளம்பிப் போகிறாள். சரண்யாவின் அப்பா சுடலை திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தார். பொங்கலுக்குத்தான் வருவார். அதனால் கையெழுத்துப் போடுவது மாயக்காள்தான்.

"ஏன்டி, பிரைவேட்டுன்னு மட்டும் எழுதேன். கான்ட்ராக்ட்காரன்தான சம்பளம் குடுக்குறான். அதுவும் நெசந்தான?"

"சார் உள்ளத உள்ளபடி எழுதச் சொன்னாரும்மா."

"அவரு சொல்லுவாரு."

"நன்னெறி சார்மா அவரு."

மாயக்காள் மகள் கை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

லேப் மேல் சரண்யாவுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்றால் காரணம் இருந்தது. பதினைந்து நாள் முடிவில், அங்கே பயிற்சி எடுத்த ஒரு பிள்ளையை லேப் பொறுப்பாளர் சிபாரிசு செய்வார். பிளஸ் டூ முடித்ததும் அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி நடத்தும் லேப் டெக்னீஷியன் படிப்பில் ஒரு இலவச இடம். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. சரண்யாவுக்கு நீட் பற்றியெல்லாம் கனவு இல்லை. மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். சரண்யாதேவி என்ற பெயருக்கு நேரே 'மிஷன் மருத்துவமனை' என்று இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. அன்று சாயந்தரமே மாயக்காள் மகளைக் கூட்டிக்கொண்டு தெரிந்த டெய்லரிடம் போனாள். முழங்கால் வரை நீளம், மூன்று பாக்கெட், வெள்ளைக் கோட்டு. டெய்லர் அளவெடுத்துக்கொண்டே, "டாக்டரம்மா, கைய நீட்டுங்க" என்றார். மாயக்காள் ரோட்டில் நின்றே சிரித்தாள்.

முதல் நாள் ஆஸ்பத்திரி வரவேற்பில் பெயர் கூப்பிட்டார்கள். "ஆலன், ஆர்த்திகா, லேப், முதல் மாடி. சரண்யாதேவி, ஹவுஸ்கீப்பிங், கீழ்த்தளம்."

தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று நினைத்துத் தாளை எட்டிப் பார்த்தாள் சரண்யா. தப்பு இல்லை. ஆர்த்திகா அவள் முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போனாள்.

கீழ்த்தளத்தில் சூப்பர்வைசர் சின்னத்தாய் இருந்தாள். வாளிகளுக்கு நடுவே இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"யாரு தாயி, இன்ஸ்பெக்சனா?"

"இல்லக்கா. ஸ்கூல்லருந்து. இன்டர்ன்ஷிப்."

சின்னத்தாய் சிரிப்பை நிறுத்தினாள். "இதுக்கெல்லாமா படிக்க வைக்கிறாக? கோட்டக் கழட்டி அந்த ஆணியில மாட்டு. பினாயில் பட்டா போகவே போகாது."

மத்தியானம் சரண்யா வாசலுக்கு வந்து மைக்கேல்ராஜுக்குப் போன் செய்தாள்.

"சார், நான் லேப் கேட்டிருந்தேன்."

"ஆஸ்பத்திரிதானம்மா கேட்ட? ஆஸ்பத்திரிதான் போட்ருக்கேன்."

"கீழ்த்தளத்துல தொடைக்கச் சொல்றாங்க சார்."

"அதுவும் மெடிக்கல் பீல்டுதாம்மா. எந்த வேலையிலயும் கேவலம் இல்லன்னு கிளாஸ்ல சொன்னேனா இல்லையா?"

"அப்ப ஆலனையும் இங்கயே போட்ருக்கலாமே சார்?"

"அவங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. நீ அனுசரிச்சுப் போ. சர்டிபிகேட்ல பேர் வரணும்ல," என்று வைத்துவிட்டார்.

அன்று சரண்யா வீட்டுக்குள் வந்ததுமே மாயக்காள் மூக்கைச் சுருக்கினாள்.

"என்னடி வாடை?"

"லேப்புல மருந்து கொட்டிருச்சும்மா."

"யார்ட்ட கத விடுற? பன்னெண்டு வருசமா மோந்துக்கிட்டிருக்கேன், பினாயில் எனக்குத் தெரியாதா?" மகளின் கையை இழுத்துப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "நாளைக்கு நான் வாரேன் ஒங்க ஸ்கூலுக்கு. அந்தச் சார நாலு வார்த்த கேக்குறேன்."

"வேணாம்மா. அடுத்த வருசமும் அவருதான். கையெழுத்து அவருதான் போடணும்."

மாயக்காள் வரவில்லை. வராதவர்களை நம்பித்தான் அந்த மூன்று அடுக்கும் நின்றுகொண்டிருந்தன.

பதினைந்து நாளும் சரண்யா போனாள். எந்தக் கழிவு மஞ்சள் பைக்கு, எது சிவப்புப் பைக்கு, ஊசி எந்த டப்பாவுக்கு என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதிப் படித்தாள். படிக்க அங்கே வேறொன்றும் இல்லை. நான்காம் நாள் முதல் சின்னத்தாய் சந்தேகத்தை அவளிடம் கேட்க ஆரம்பித்தாள். முதல் மாடிக்கு அவள் போனது தரை துடைக்க மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்த்திகா ரத்த மாதிரி எடுத்த கண்ணாடிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். சரண்யா குனிந்தபடியே அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வந்தாள்.

கடைசி நாள் தலைமையாசிரியை சிஸ்டர், போட்டோக்காரரோடு வந்தார். "எல்லாரும் கோட்டுப் போட்டுட்டு வாங்க. இது யாரு? ஒனக்குக் கோட்டு இல்லையா?"

"இருக்கு சிஸ்டர்."

"பெறகென்ன, போட்டுட்டு வா. நீ ஒசரமா இருக்க, நடுவுல நில்லு."

ஆணியில் பதினைந்து நாள் தொங்கிய கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றாள். அன்று அந்தக் கோட்டு உடம்பில் இருந்தது மூன்று நிமிடம்.

லேப் சிபாரிசில் ஆலனுக்கு அக்கறை இல்லை. அவன் நீட் கோச்சிங்குக்குச் சென்னை போகிறவன். இலவச இடம் ஆர்த்திகாவுக்குப் போனது. அவள் இரண்டு நாள் கழித்து அல்வாப் பொட்டலத்தோடு சரண்யாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி என்னையப் பாக்குற? டிரான்ஸ்போர்ட்டுன்னு எழுதுனேன். அது பொய்யா? லாரிதான ஓட்டுறாரு?"

"பொய் இல்லடி."

"ஒன்னைய யாருடி அந்த ஆளு சொன்னத நம்பச் சொன்னது?"

சரண்யா அல்வாவை வாங்கிக்கொண்டாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது தல்லாகுளம் சிக்னலில் ஒரு பெரிய பிளெக்ஸ் முளைத்தது. 'மருத்துவத் துறையில் எங்கள் மாணவர்கள். சேர்க்கை நடைபெறுகிறது.' நடுவில் வெள்ளைக் கோட்டோடு சரண்யா. அந்த பிளெக்ஸின் கீழே விழுந்து கிடந்த டீக் கப்புகளைக் கூட்டுவது மாயக்காளின் வேலை. கூட வேலை பார்க்கும் முத்துமீனா அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"ஏக்கா, ஒம்மக டாக்டராயிட்டா! சொல்லவே இல்ல?"

மாயக்காள் அண்ணாந்து பார்க்கவில்லை. "கோட்டு நான் தச்சுக் குடுத்தது," என்றாள். "மத்ததெல்லாம் அவுங்க எழுதிக்கிட்டது."

ஜூலையில் மறுபடி படிவம் வந்தது. ஒரு கல்லூரி நடத்தும் அறிவியல் முகாமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே தாள். அதே ஏழாவது கட்டம். வகுப்பிலேயே எழுதி வாங்கிப் புரட்டிக்கொண்டே வந்த மைக்கேல்ராஜ் ஒரு தாளில் நின்றார்.

"சரண்யா. என்னம்மா, அம்மா பிசினஸ்னு எழுதியிருக்க? எப்ப ஆரம்பிச்சாங்க?"

வகுப்பு சிரித்தது. ஆர்த்திகா மட்டும் சிரிக்கவில்லை. சரண்யா எழுந்து நின்றாள்.

"போன தடவ நீங்க சொன்னபடி உள்ளத எழுதுனேன் சார். என் மார்க் மேல இருந்துச்சு, அம்மா வேல கீழ இருந்துச்சு. நீங்க கீழ மட்டும் பாத்தீங்க."

சிரிப்பு நின்றது. மைக்கேல்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்வார் என்று அவருக்கே தெரிந்திருந்தது. எந்த வேலையிலும் கேவலம் இல்லை. அந்த வாக்கியம் அன்று வெளியே வரவில்லை. இட்லித் தட்டும், மூன்று அடுக்கும், கூசுதுன்னு அது சொல்லுச்சாக்கும் என்ற ஆனிமேரியின் கேள்வியும் நினைவுக்கு வந்தன. ஆறு வருடம். வலது அடுக்கில் எத்தனை தாள் போட்டிருப்போம் என்று எண்ணப் பார்த்தார். எண்ண முடியவில்லை. பெயரைப் பார்த்திருந்தால்தானே நினைவிருக்கும்.

மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகு அவளை மேசைக்குக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தப்பு என் மேலதாம்மா. அந்த லேப் எடத்த இனிமே திருப்பித் தர முடியாது. ஆனா இத அடிச்சுட்டு உண்மைய எழுதிக் குடு. இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன்."

அவர் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை.

"நீங்க பாத்துக்குவீங்க சார். ஒங்களுக்குப் பெறகு இந்தப் பார்ம்கள எடுக்கப்போற சார் யாரு, அவரு எங்க பாப்பாருன்னு எனக்குத் தெரியாதே?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வேலையில கேவலம் இல்லன்னு நெசமாவே நம்புனா, எடம் குடுக்குறப்ப அந்தக் கட்டத்த மூடி வச்சுட்டு மார்க்கப் பாருங்க சார். அத மூட முடியலன்னா எங்கள உண்மை பேசச் சொல்லாதீங்க. அதுவரைக்கும் எங்கம்மா பிசினஸ்தான் பண்றாங்க."