தலையில்லாத மயில்

இருளப்பன் ஓய்வுபெற்ற நான்காவது மாதம் வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர். எங்கே எந்த இயந்திரம் நின்றாலும் ஓடிப் பழகிய கால்கள், இப்போது ஓட இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தன. கைப்பேசியில் ஒரு காணொளி வந்து அவருக்கு வழி காட்டியது. ஒரு வருடமாகத் தொடாத பொருள் வீட்டில் இருக்கக்கூடாது என்று அதில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார். அதைப் பதினோரு முறை பார்த்தார்.

முதலில் உடைந்த குடைகள் போயின. அடுத்து, மூடியில்லாத டப்பாக்கள். அப்புறம் அவர் கண் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகள்மேல் விழுந்தது.

அவை அவர் மனைவி சீதாவுடையவை. ஃபேக்டரியில் தேயிலை தரம் பிரிக்கும் பகுதியில் சீதாவுக்கு இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. வேலை முடிந்து வந்தால் பின்னல்தான். குளிர் ஊரில் ஸ்வெட்டர் பின்னுவது அதிசயமில்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் அவள் சேர்த்த பின்னல் பத்திரிகைகள் ஐந்து பெட்டி. எப்போதோ ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரையின் மனைவி கொடுத்தது பாதி, ஈப்போவில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது மீதி. எல்லாம் ஆங்கிலம். சீதாவுக்கு எழுத்து தேவையில்லை. கட்டம் போட்ட படத்தைப் பார்த்தால் போதும், ஊசி தானாக நடக்கும். பத்திரிகைகளோடு அறுந்த நூல் உருண்டைகளும் ஜோடியில்லாத பொத்தான்களும் மைலோ டின்களில் கிடந்தன.

ஒரு சனிக்கிழமை காலை சீதா வேலைக்குப் போனதும், இருளப்பன் பெட்டிமேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். தூசி. அவருக்கு அந்தச் சாட்சி போதும். மோட்டார் சைக்கிளில் கட்டி, மூன்று நடையில் ஐந்து பெட்டியையும் கீழே ரிங்லெட் டவுனுக்கு இறக்கினார்.

அங்கே மீரானின் சாப்பாட்டுக் கடை. வாசலில் வறுத்த கச்சாங் கடலையைக் காகிதப் பொட்டலமாகச் சுருட்டி, கம்பியில் வரிசையாகச் செருகி விற்பார்கள்.

மீரான் ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "அண்ணே, நல்ல வழவழப்பு. எண்ணெயே எறங்காது. உக்காருங்க, தே தாரேக் டீ ஒண்ணு போடச் சொல்றேன்."

மாலையில் சீதா வந்தபோது இருளப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, காலியான தரையைக் கையால் காட்டினார்.

"எப்படி இருக்கு? வீடே மூச்சு விடுது பாரு."

சீதா துணிப்பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துக் கட்டில்மேல் விரித்தாள். அவர்களுடைய ஒரே மகள் மலர் நர்ஸ். மூன்று வாரத்தில் அயர்லாந்துக்கு வேலைக்குப் போகிறாள். அவளுக்காகப் பின்னியது. முதுகு முழுக்க ஒரு மயில். தோகை, உடம்பு, நீண்ட நீலக் கழுத்து. அதற்கு மேலே ஊசி மட்டும் தொங்கியது.

"தல எங்கங்க?"

"எந்தத் தல?"

"மயிலோட தல. நடுப்பக்கத்தப் பிரிச்சு எடுத்து நான் பின்னிக்கிட்டு இருக்கேன். தல கடைசில, அம்பத்தெட்டாம் பக்கத்துல. அந்தப் புஸ்தகம் எங்க?"

இருளப்பன் மெதுவாக உட்கார்ந்தார். "கச்சாங்ல," என்றார்.

ஞாயிறு காலை இருவரும் கடைக்கு வந்தார்கள். கம்பிகளில் பொட்டலங்கள் வண்ணவண்ணமாக நின்றன.

"நேத்து செம யாவாரம்க்கா," என்றாள் கல்லாவில் இருந்த மீரானின் மனைவி சபிஹா. "பேப்பர் அழகா இருக்குன்னு டூரிஸ்ட்டுங்க போட்டோலாம் எடுத்தாங்க."

சீதா இருளப்பனைப் பார்த்தாள். அவர் கம்பியைப் பார்த்தார்.

விஷயத்தைக் கேட்டதும் சபிஹா எழுந்து வந்துவிட்டாள். இருளப்பன் பொட்டலத்தைப் பிரித்துக் கடலையைத் தட்டில் கொட்டுவார். சீதா காகிதத்தை நீவிப் பார்ப்பாள். சபிஹா கடலையை நாளிதழில் திரும்பச் சுருட்டுவாள். குழந்தைக் காலுறை வந்தது. முயல் காது வைத்த குல்லா வந்தது. முகமெல்லாம் உப்போடு, கையில்லாத ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மயில் தலை வரவில்லை.

அறுபதுக்கு மேல் பிரித்த பிறகு சீதா சொன்னாள்: "அம்பத்தாறு இருக்கு. அம்பத்தொம்பதும் இருக்கு. இடையில இருக்கற தாளுதான் இல்ல."

மீரான் நெற்றியைத் தட்டினார். "அந்தப் புஸ்தகத்ததான் முதல்ல கிழிச்சேன். முதல் போணி உங்க எஸ்டேட் கிராணிலா! மூணு பொட்டலம்."

கிராணி சாமிநாதன் எஸ்டேட் அலுவலகத்தின் கணக்கர். வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி மோகனா. கிராணி பின்னாலேயே வந்து நின்றார்.

"கிராணி ஐயா, நேத்து மீரான் பாய் கடையில கச்சாங் வாங்குனீங்களாமே?" என்றார் இருளப்பன்.

"கச்சாங்கா? நானா? பிரஷருக்கு உப்பே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே!" கிராணி மனைவிக்குத் தெரியாமல் கண்ணைச் சிமிட்டினார்.

இருளப்பனுக்கு அது புரியவில்லை. "கண்ணுல தூசியா ஐயா? முதல் போணியே நீங்கதான்னாரு. மூணு பொட்டலம்."

மோகனா கணவன் பக்கம் திரும்பினாள். கிராணி மீண்டும் சிமிட்டினார், இந்த முறை இரண்டு கண்ணையும்.

"ஆள் மாறியிருக்கும்க்கா," என்று சீதா சமாளிக்கப் பார்த்தாள். சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தும்விட்டாள்; அதன் தலைப் படம் கச்சாங் சுற்றிய காகிதத்தில் போனதையும் சொல்லிவிட்டாள். மோகனா அதை வாங்கித் தோகையைத் தடவினாள். கழுத்து வரை வந்து விரல் நின்றது.

"ஐயோ, தலையில்லாம நிக்குதே. இதுக்காகவா வந்தீங்க?" கணவனிடம் சொன்னாள்: "போய் எடுத்துட்டு வாங்க."

கிராணி காருக்குப் போனார். பின்பெட்டியைத் திறந்து, மாற்று டயருக்கடியில் கையை விட்டார். ஒரு பொட்டலம் முழுதாக இருந்தது. மற்ற இரண்டும் காலி; ஆனால் காகிதத்தை எறிந்து பழக்கமில்லாத மனிதர், நான்காக மடித்து வைத்திருந்தார். அந்த இரண்டில் ஒன்றுதான் ஐம்பத்தெட்டாம் பக்கம்.

முழுப் பொட்டலத்தை மோகனா கைப்பற்றிக்கொண்டாள். "உள்ள வாங்க, பேசணும்," என்றாள் கணவனிடம். சீதாவும் இருளப்பனும் தேநீருக்குக்கூட நிற்காமல் கிளம்பினார்கள்.

தலை கிடைத்ததே தவிர, அலகு இருந்த இடத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. பின்பக்கத்தில் குழந்தைக் குல்லாவுக்கான ஒரு வாத்து. அதன் கட்டங்கள் எண்ணெய் வழியே தெரிந்தன. எது மயில், எது வாத்து என்று சீதாவால் பிரிக்க முடியவில்லை. இருளப்பன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். அவள் பின்னினாள். இரண்டு தரம் பிரித்துப் பின்னியும் அலகு கொஞ்சம் அகலமாகத்தான் வந்தது.

மலர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, மயிலு சிரிக்குதும்மா!" என்றாள். விமானத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போனாள்.

அவள் போன மறுவாரம் சீதா, கடையில் கிழிக்காமல் மிஞ்சியிருந்த நான்கு பெட்டிகளை வரவழைத்தாள். தரையில் உட்கார்ந்து பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிலவற்றில் நின்று, எந்த வருடம் யாருக்குப் பின்னியது என்று சொன்னாள். சிலவற்றைப் புரட்டாமலேயே ஒதுக்கினாள். மதியத்துக்குள் ஒரு பெட்டிதான் வீட்டுக்கு. மூன்று பெட்டி மீரான் கடைக்கு.

இருளப்பனுக்குத் தாங்கவில்லை. "இதைத்தானே நான் அன்னிக்கே செஞ்சேன்?"

"எது வேணாம்னு எனக்குத்தானங்க தெரியும்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." எழுந்து பின்பக்க அலமாரியைத் திறந்தாள். "இப்ப இதப் பாருங்க."

அங்கே ஏழு டின். முழுக்க ஃபேக்டரியிலிருந்து வந்த பழைய போல்ட், நட்டு, வாஷர். இருளப்பன் அவசரமாக முன்னால் வந்து நின்றார்.

"அது வேணும்."

"எதுக்கு?"

"வேணும்லா."

சீதா ஏழு டின்னையும் தாளில் கவிழ்த்துவிட்டு, சமையலுக்குப் போனாள். சாயங்காலம் வரை அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் வளைந்துபோன ஒரே ஒரு வாஷரை வேண்டாம் என்று தனியாக வைத்தார். கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.